முகத்திலிருந்து ஆரம்பிக்காதே

கச்சிராயபாளையம்
தை மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. நீ எடுக்கப் போகும் தொழுநோய்ப் படத்தைப் பற்றிப் போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது கேள்வி கேட்பாய், சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ஈரான் படத்தைப் பார்த்தேன். ஒரு தரம் போதாமல் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். ஃபொரூக் ஃபரோக்ஸாத் என்ற அந்தக் கவிஞர் தப்ரீஸ் பக்கத்தில் ஒரு தொழுநோயாளர் குடியிருப்பில் 1962-ல் பன்னிரண்டு நாள் தங்கி எடுத்தது என்று நீ எழுதியிருந்தாய். இருபத்திரண்டு நிமிஷம்தான். ஆனாலும் முடிந்த பிறகு எழுந்து போய் வேறு வேலை பார்க்க முடியவில்லை. அங்கே இருந்த ஒரு பையனை அவர் தன் பிள்ளையாகவே கூட்டிக்கொண்டு போனார் என்பதைப் படித்தபோது, சும்மா படம் எடுக்கப் போனவர் இல்லை இவர் என்று தோன்றியது.

எனக்கு அதில் பிடித்த இடம் பள்ளிக்கூடம். அழகான பொருள்கள் சிலவற்றைச் சொல் என்கிறார் வாத்தியார். நிலா, சூரியன், பூ, விளையாட்டு என்று சொல்கிறார்கள். அசிங்கமானவை சொல் என்றதும் ஒரு பையன் கை, கால், தலை என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கிண்டல் செய்துகொள்வார்கள். வெளியாள் வந்தால் நிறுத்திவிடுவார்கள். ஒரு கேமராவை வைத்துக்கொண்டு அந்தச் சிரிப்பைப் பிடித்திருக்கிறார் என்றால் அந்தப் பெண் எப்படிப் பழகியிருக்க வேண்டும், யோசித்துப் பார்.

பிடிக்காத இடம் ஆரம்பம். ஒரு பெண் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கேமரா அந்த முகத்தை நோக்கி நெருங்குகிறது. கவிஞருக்கு அது தேவைப்பட்டிருக்கும், அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி. ஆனால் உன் திட்டத்திலும் முதல் காட்சி என்று ஒரு பெரியவரின் முகத்தைத்தான் எழுதியிருக்கிறாய். மூக்குத் தண்டு அமுங்கி, புருவம் உதிர்ந்த முகம். பாப்பா, அதை மாற்று. முகத்திலிருந்து ஆரம்பிக்காதே.

ஏன் என்று சொல்கிறேன்.

இந்த நோய் பெரும்பாலும் முகத்தில் ஆரம்பிப்பதில்லை. முதுகிலோ தொடையிலோ புஜத்திலோ, சட்டைக்கும் புடவைக்கும் அடியில், வெளிறியோ செம்பு நிறத்திலோ ஒரு தேமல் வரும். அரிக்காது. எரியாது. வலிக்காது. வலிக்காத ஒன்றுக்காகக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப்புறத்து ஊரிலிருந்து எவன் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கி வருவான்? சாமைக் கொல்லையில் களை நிற்கும்போது தேமலுக்கு யார் கவலைப்படுவார்கள்?

திருமணியில், அதாவது செங்கல்பட்டு மத்திய தொழுநோய் நிலையத்தில், பயிற்சிக்குப் போனபோது எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது தேமலைத் தொட்டுப் பார்க்கத்தான். ஆளைக் கண்ணை மூடச் சொல்வோம். பஞ்சாலோ பால்பாயிண்ட் பேனா முனையாலோ ஓர் இடத்தில் மெதுவாகத் தொடுவோம். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். நல்ல தோலில் தொட்டால் சட்டென்று காட்டுவார். தேமலில் தொட்டால் கை எழாது. கண்ணை மூடியபடி, எப்போது தொடுவார்கள் என்று காத்துக்கொண்டே இருப்பார். நாம் தொட்டு முடித்து, பேனாவை எடுத்துப் பாக்கெட்டில் வைத்திருப்போம். அவர் இன்னும் காத்திருப்பார்.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் அந்தக் காத்திருப்பு எனக்குப் பழகவே இல்லை. உனக்கு முதல் காட்சி வேண்டுமென்றால் அதுதான். வெற்று முதுகு, ஒரு பேனா முனை, மூடிய கண். பார்க்கிறவனுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. முகத்தைக் காட்டி நீ ஒரு மணி நேரம் விளக்க வேண்டியதை அது அரை நிமிஷத்தில் சொல்லிவிடும்.

உணர்ச்சி போவதுதான் இந்த நோயில் பல பாதிப்புகளுக்கு வேர். 1873-ல் நார்வேயில் ஹான்சன் கண்டுபிடித்த அந்தக் கிருமிக்கு உடம்பின் குளிர்ச்சியான இடங்கள்தான் பிடிக்கும். தோலிலும் தோலை ஒட்டி ஓடும் நரம்பிலும் குடியேறும். முழங்கைக்குப் பின்னால் இடித்துக்கொண்டால் சுரீர் என்று சுண்டுவிரல் வரை ஓடுமே, அந்த நரம்பு தடித்துப் போகும். முதலில் மரத்துப் போகும், பிறகு சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கும். கண்ணிமையை மூடும் நரம்பு போனால் தூங்கும்போதும் கண் பாதி திறந்திருக்கும், தூசி விழுந்தாலும் தெரியாது. விரல் தானாக உதிர்கிறது என்று ஊரில் சொல்வார்கள். அப்படி எதுவும் உதிர்வதில்லை. அடுப்பிலிருந்து சூடான சட்டியை வெறுங்கையால் இறக்குகிறாள், சுட்டது தெரியவில்லை. காலில் முள் தைத்துச் சீழ் வைத்து எலும்பு வரை போகிறது, அவன் கடுக்காய் மூட்டையோடு நடந்துகொண்டே இருக்கிறான். அப்படிப் புண்ணாகிப் புண்ணாகித்தான் விரல் குட்டையாகிறது.

வேலூரில் இருந்த டாக்டர் பால் பிராண்ட் இதைக் கண்டுகொண்டவர்களில் முக்கியமானவர். துருப்பிடித்த ஒரு பூட்டை அவர் திறக்கப் பார்க்கிறார், முடியவில்லை. நோயாளிப் பையன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். இவனுக்கு இவ்வளவு பலமா என்று பார்த்தால் தரையில் ரத்தம். விரல் எலும்பு வரை கிழிந்திருக்கிறது, அவனுக்குத் தெரியவே இல்லை. ராத்திரி தூக்கத்தில் எலி விரலைக் கடித்துத் தின்பதைக் கண்டுபிடித்த பிறகு, நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கொரு பூனை கொடுத்தனுப்பினார்களாம். மருந்து, செருப்பு, பூனை! அவர் 1940களின் கடைசியில் மடங்கிய கைகளில் தசைநாரை மாற்றிப் பொருத்தி விரலை நிமிர்த்த ஆரம்பித்தார். நிமிர்ந்த கையோடு போன சிலர் திரும்பி வந்து, இந்தக் கையை நீட்டினால் யாரும் பிச்சை போடுவதில்லை என்று புகார் சொன்னதையும் அவரே எழுதியிருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இடம்.

ஆகவே, நீ ஒரு குட்டையான கையைக் காட்டும்போது, அந்தக் கை எத்தனை வருஷம் என்னென்ன வேலை செய்தது என்பதைக் காட்டு. மம்மட்டிப் பிடி, மரவள்ளி பிடுங்குவது, மூன்று கல் அடுப்பு, விறகு. மலையில் அந்தக் கை ஓய்வாக இருந்த நேரமே கிடையாது. சும்மா மடியில் வைத்திருக்கும் கையைப் படம் பிடித்தால் அது பரிதாபமாகத்தான் தெரியும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. உனக்கு எம்.ஆர்.ராதாவின் ‘ரத்தக்கண்ணீர்’ தெரியும். 1954-ல் வந்தது, அதற்கு முன்பே நாடகமாக ஊர் ஊராக ஓடியது. நடிப்பு என்றால் அது நடிப்பு, மறுக்கவே மாட்டேன். எத்தனை தரம் பார்த்தாலும் அந்த மனுஷன் பேச்சில் நான் சிரித்துவிடுவேன். ஆனால் அந்தப் படத்தில் நோய் ஒரு தண்டனை. ஆட்டம் போட்டான், குஷ்டம் வந்தது. தமிழ்நாடு முழுக்க அந்தக் கணக்கு ஜனங்கள் மனசில் உட்கார்ந்துவிட்டது. நாங்கள் வீடு வீடாகச் சர்வேக்குப் போகும்போது பையன்கள் பின்னாலேயே வந்து ராதா குரலில் கத்துவார்கள். தேமல் இருந்த பெரியவர், “நான் எந்தத் தப்பும் பண்ணலையே சார்” என்பார். சட்டையைக் கழற்றுங்கள் என்று மட்டும்தான் நாங்கள் சொல்லியிருப்போம்.

நீ தண்டனை என்று சொல்லப் போவதில்லை, தெரியும். உன் படம் இரக்கத்தோடு இருக்கும். ஆனால் இரக்கமான படமும் அதே முகங்களையே காட்டினால் பார்க்கிறவன் எடுத்துக்கொண்டு போவது அதே பயத்தைத்தான். தேமல் வைத்திருக்கிற இருபது வயசுப் பையன் ஒருவன் உன் படத்தைச் செல்போனில் பார்க்கிறான் என்று வை. தன் நோய் அந்தப் பெரியவரின் முகம் என்று நினைப்பான். சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொள்வான். அந்தப் பெரியவர் நோய் முற்றியபோது கூட்டுமருந்து கிடையாது. இந்தப் பையனுக்கு உண்டு. தேமல் ஐந்துக்குள் இருந்தால் ஆறு மாசம், கூடுதலாக இருந்தால் ஒரு வருஷம், அட்டை அட்டையாக மாத்திரை, ஒரு காசு செலவில்லை. முதல் சில வேளை மருந்திலேயே அவனிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது நின்றுவிடும். சரியான சமயத்தில் வந்தால் அவன் முகத்தில் ஒன்றுமே தெரியாமல் ஒரு கல்யாணம் காட்சி என்று வாழ்ந்து போவான்.

நான் சொல்வது புரிகிறதா? இன்றைக்கு இந்த நோய் உள்ளவரில் பெரும்பாலோர் பார்த்தால் உன்னையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டுப் படம் எடுத்தால் அது பழங்கதை.

கூட்டுமருந்தை உலக சுகாதார நிறுவனம் 1981-ல் பரிந்துரைத்தது. அதற்கு முன் டாப்சோன் மட்டும்தான், வருஷக்கணக்கில் விழுங்க வேண்டும். புது மருந்திலும் ஒரு வம்பு உண்டு, அதையும் படத்தில் சொல். அட்டையில் உள்ள குளோஃபாசிமின் தோலைக் கறுக்க வைக்கும். மருந்தை நிறுத்திய பிறகு மெதுவாகத்தான் தெளியும். மாநிறமாக இருந்த பெண் மூன்றாம் மாசம் கறுத்துப் போனால் ஊர் கேட்காமல் இருக்குமா? “வெயிலு” என்று ஒரு பதில். “மஞ்சக்காமாலைக்கு மருந்து” என்று இன்னொரு பதில். பாதியில் நிறுத்தியவர்களும் உண்டு. நோயை விட மருந்து காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்கள் கொல்லையில் சட்டையில்லாமல் வேலை செய்வதால் முதுகுத் தேமல் வரப்பிலிருந்தே கண்ணில் படும். பெண்களைப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. நர்ஸம்மா யாராவது கூட வந்தால்தான் உண்டு. வந்தாலும், “எனக்கு ஒண்ணுமில்லம்மா” என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதனால் அவர்கள் நோய் தாமதமாகத்தான் தெரியவரும். நீ பெண் என்பதால் நான் போகமுடியாத திண்ணைக்கு உள்ளே உன்னால் போகமுடியும். அது உனக்கிருக்கிற பெரிய வசதி. நாலு ஆம்பளையை டெக்னீஷியன் என்று கூட்டிக்கொண்டு வந்து அதைக் கெடுத்துக்கொள்ளாதே.

2005 டிசம்பரோடு, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற கணக்கை எட்டிவிட்டோம், பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இனி இது இல்லை என்று இந்தியா அறிவித்தது. கணக்கு பொய்யில்லை. ஆனால் ஜனங்கள் அதை ‘ஒழிந்துவிட்டது’ என்று எடுத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1997-ல், தொழுநோய் வேலையைப் பொதுச் சுகாதாரத்தோடு சேர்த்துவிட்டார்கள். தோளில் பையோடு தேமல் தேடி நடந்தவர்கள் கொசுவுக்கும் குடிநீருக்கும் சேர்த்து ஆளானோம். தனியாக ஒதுக்கி வைக்காமல் எல்லா நோயையும்போல் பார்ப்பது நல்லதுதான், எனக்கும் அதில் சம்மதம். ஆனால் பார்க்கிற கண் குறைந்துபோனது. உலகத்தில் வருஷாவருஷம் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான், கிட்டத்தட்ட ஒரு லட்சம். ஜனவரி 30 காந்தி நினைவு நாளில் தொழுநோய் ஒழிப்பு உறுதிமொழி வாசிக்கிறோம். வாசித்து முடித்ததும் டீ.

மலையைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை, நம் ஊரிலிருந்து தலை தூக்கினால் தெரிவதுதான். இருந்தாலும் ஒன்று. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் வாங்கி இருபத்தொன்பது வருஷம் வரை அங்கே அரசாங்கம் என்று முழுசாக ஒன்று இல்லை. ரோடும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக ஏறின. மலைக்காரர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று வாய்ஸ் ஓவரில் சொல்லிவிடாதே. மருந்து எவ்வளவு தாமதமாக மலை ஏறியது என்று சொல். இன்னொரு விஷயம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்த பிறகு, மலையில் போலீஸ் ஏறி இறங்கியது. இப்போது கேமராவைக் கண்டால், சாராயத்தைப் பற்றியா என்றுதான் முதலில் கேட்பார்கள். முதல் தடவை கேமராவே இல்லாமல் வா.

கீழே நாட்டில் நீ கட்டாயம் போக வேண்டியது வடதொரசலூர். தியாகதுருகம் பக்கம். தொழுநோய் மிஷன் ஆஸ்பத்திரியும் பிள்ளைகளுக்கான தொழிற்பயிற்சி நிலையமும் அங்கே இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் செருப்பு செய்யும் இடத்தைக் கேட்டுப் பார். மெத்தென்ற கருப்பு மைக்ரோ செல்லுலார் ரப்பரில் அடிப்பாகம், மேலே வார். கால் மரத்தவருக்கு அந்தச் செருப்புதான் உயிர். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் பஸ் ஸ்டாண்டில் ஆள் தெரிந்துவிடும். அதனால் வாங்கிப் பரணில் வைத்துவிட்டு ஹவாய் செருப்போடு சந்தைக்குப் போவார்கள், சில நாளில் புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். சாதாரண கடைச் செருப்பு மாதிரியே கலர் கலராகச் செய்யலாமே என்று பலர் யோசித்து, அப்படியும் செய்கிறார்கள். என்னைக் கேட்டால் உன் படத்தில் பத்து நிமிஷம் செருப்புக்கே கொடுப்பேன். இந்த நோயில் வெட்கமும் புண்ணும் எப்படி ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று அதில் தெரியும்.

திருக்கோவிலூர் தாண்டி மழவந்தாங்கல் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே 1940களில் கஸ்தூரிபா பெயரில் குஷ்ட நிவாரண நிலையம் உருவானதில் டி.என்.ஜெகதீசனுக்குப் பெரிய பங்கு உண்டு. சின்ன வயசிலிருந்தே இந்த நோயோடு வாழ்ந்தவர் அவர். காந்தியோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர். நிர்மாணத் திட்டத்தில் தொழுநோயாளர் சேவையைக் காந்தி சேர்த்ததற்கு அவரும் ஒரு காரணம். தன் வாழ்க்கையைத் தானே ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். டாக்டர் எழுதியதும் மிஷனரி எழுதியதும் நிறைய உண்டு. நோய் வந்தவரே பெயர் போட்டு எழுதியது நம் பக்கத்தில் அபூர்வம். உன் படத்தில் பேசுவது யார் என்று முடிவு செய்யும்போது அவரை நினைத்துக்கொள். நீ பேசாதே, நானும் பேசவேண்டாம்.

சட்டம் கொஞ்சம் மாறியிருக்கிறது. நோயாளிகளைப் பிடித்து அடைக்க இருந்த 1898-ம் வருஷச் சட்டத்தை 2016-ல் எடுத்தார்கள். புருஷனுக்கோ பெண்டாட்டிக்கோ தொழுநோய் என்று சொல்லி விவாகரத்து கேட்கலாம் என்பது 2019-ல்தான் போனது. உன் ஈரான் படம் எடுத்து ஐம்பத்தேழு வருஷம் கழித்து!

கடைசியாக, நீ கேட்ட ஆட்கள். மலையில் ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் பேசிவைத்திருக்கிறேன். பெயர், ஊர் எல்லாம் நேரில் சொல்கிறேன், எழுதமாட்டேன். இரண்டு பேருமே மருந்து முடித்து வெகுகாலம் ஆகிறது. அவருக்கு இரண்டு கையிலும் விரல் மடங்கியிருக்கும், அந்தம்மாவுக்கு வெளியில் ஒன்றும் தெரியாது. அவர், “என் மூஞ்சிய நல்லாக் காட்டச் சொல்லு, வெள்ளைச் சட்டை போட்டுக்கறேன்” என்கிறார். இத்தனை வருஷம் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம், இப்போது பார்க்கட்டுமாம். அந்தம்மா ஒரே பிடியாகக் கூடாது என்கிறது. மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் அம்மாவுக்கு இருந்தது தெரியாது. அப்பாவின் முகத்தைப் பார்த்தால் அம்மாவையும் கணக்குப் போட்டுவிடுவார்கள் என்கிறது. முகத்திலிருந்து ஆரம்பிக்காதே என்று நான் உனக்கு இவ்வளவு எழுதிவிட்டேன், அவரோ முகத்தைத்தான் காட்டு என்கிறார். அவர் முகம், அவர் இஷ்டம் என்றும் தோன்றுகிறது. அந்தம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் பஞ்சாயத்து பண்ணிப் பார்த்தேன், தீரவில்லை. மகளிடமே கேட்டுவிடலாம் என்று நேற்று அவர் ஆரம்பித்திருக்கிறார், அந்தம்மா பேசுவதையே நிறுத்திவிட்டது.

மாசி பிறந்ததும் வா. கள்ளக்குறிச்சியில் இறங்கி போன் போடு, வண்டியோடு வந்து நிற்கிறேன். அண்ணியையும் அண்ணனையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் சித்தப்பா